கை நீட்டவா, கை கோக்கவா?

முதியோரைப் பேணுவது நம் வீட்டுக் கடமை. இதில் அயல்நாட்டாருக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் தென்காசித் தெருக்களைச் சற்றுப் பாருங்கள். மகன் சிங்கப்பூரில், மகள் துபாயில், பேரன் சென்னையில். வீட்டில் பாட்டி மட்டும். பணம் மாதந்தோறும் வந்துவிடுகிறது. மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. குடும்பமே கடல் கடந்துவிட்ட பிறகு, பராமரிப்பு மட்டும் ஊர் எல்லைக்குள் நிற்க முடியுமா?

ஆகவே முதியோருக்குத் தொண்டு செய்யும் அமைப்புகள் நாடு கடந்து கூட்டுச் சேர வேண்டும் என்பதே எங்கள் கட்சி. எத்தகைய கூட்டு என்பதில்தான் எச்சரிக்கை தேவை. பாட்டியின் வாடிய முகத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டுக் காசோலைக்குக் காத்திருப்பது கூட்டு அன்று.

ஒரு வரலாறு சொல்கிறோம். இங்கிலாந்தில் 1961ஆம் ஆண்டு ‘ஹெல்ப் த ஏஜ்ட்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தவர் செசில் ஜாக்சன் கோல். அவர் 1974 மார்ச்சில் இந்தியா வந்தபோது, சாம்சன் டேனியல் என்ற அன்பர் அவரை அணுகி, தில்லியில் இதுபோல ஓர் அமைப்புத் தொடங்கப் பண உதவி கேட்டார். கோல் பணம் தரவில்லை! அதற்குப் பதிலாக, நிதி திரட்டக் கற்றுத் தருவதாகச் சொன்னார். லண்டனில் மூன்று மாதப் பயிற்சி. திரும்பி வந்த டேனியலும் அவர் துணைவியாரும் என்ன செய்தார்கள் தெரியுமா? தில்லிப் பள்ளிப் பிள்ளைகளை நடக்க வைத்தார்கள். ஆம், நம்மைப் போன்ற பிள்ளைகளைத்தான்! இத்தனை தூரம் நடந்தால் இவ்வளவு தருகிறோம் என்று உற்றாரும் அண்டை வீட்டாரும் முன்கூட்டியே வாக்களிப்பது இத்தகைய நடையின் முறை. அந்த நடை பெற்ற வெற்றியால் 1975இல் பம்பாய், சென்னை, கல்கத்தா நகரங்களுக்கும் பணி பரவியது. 1978 ஏப்ரலில் ‘ஹெல்ப்ஏஜ் இந்தியா’ பதிவு பெற்றது. அவ்வாண்டு ஜூலையிலேயே இங்கிலாந்துப் பணம் நின்றது.

பணம் நின்றதால் பணி படுத்துவிடவில்லை. 1983இல் ‘ஹெல்ப்ஏஜ் இன்டர்நேஷனல்’ பிறந்தபோது, இங்கிலாந்து, கனடா, கொலம்பியா, கென்யா நாடுகளின் அமைப்புகளோடு இந்திய அமைப்பும் நிறுவனர்களுள் ஒன்றாக அமர்ந்தது. கேட்கப் போனவர் ஒன்பதே ஆண்டில் சரிசமமாக நாற்காலி போட்டு அமர்ந்த கதை இது.

இந்த வழி நம் சகோதரிகளுக்குப் புதிதன்று. 1839இல் பிரான்சு நாட்டில் பார்வையற்ற மூதாட்டி ஒருவருக்குத் தம் படுக்கையையே விட்டுக் கொடுத்த புனித ஜான் ஜுகன், கூடை ஏந்தித் தம் ஊர்க் கதவுகளையே தட்டினார். அவருடைய ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ 1882இல் கல்கத்தா வந்தார்கள். சென்னையிலும் அவர்களுக்கு இல்லம் உண்டு.

இன்றோ கூட்டு ஒருவழிப் பாதையாகி வருகிறதோ என்று அஞ்சுகிறோம். 2021 ஜனவரியில் ஜப்பானோடு நம் நாடு செய்த உடன்படிக்கையில் முதியோர் பராமரிப்பும் ஒரு வேலை. நம் பெண்கள் போகட்டும், உழைத்துச் சம்பாதிக்கட்டும். நம்மோடு படிப்பவர்களில் எத்தனை பேருக்கு நர்சிங் கனவு இருக்கிறது! ஆனால் படுக்கையிலிருக்கும் ஒருவரை முதுகு நோகாமல் தூக்கி உட்கார வைக்கும் முறையையும், மறதி நோய் கண்டவரிடம் பேசும் பக்குவத்தையும் கற்று வருபவள், அதை இங்கே யாருக்குச் சொல்லித் தருவாள்? நம் பெண்களை அழைக்கும் அயல்நாட்டு இல்லங்கள், நம் ஊர் முதியோர் இல்லங்களுக்கு ஆண்டுக்கொருமுறை பயிற்சியாளர் ஒருவரை அனுப்பட்டும். கோல் தந்தது அதைத்தானே?

நம் பங்கும் உண்டு. தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். அருவியில் குளிக்க என்றால் ஓடுகிறோம்; நடந்தால் என்ன? பீடி சுற்றிச் சுற்றிக் கண் மங்கிய பாட்டிமார் நம் பக்கத்தில் எத்தனை பேர்! கண்புரைக்கு இலவச முகாம்கள் நடக்கின்றன. அழைத்துச் செல்லவும், மறுநாள் கூட இருக்கவும், சொட்டு மருந்து விடவும்தான் துணையில்லை. நடையில் சேரும் பணம் பேருந்துச் செலவுக்கும் துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலிக்கும் ஆகட்டும்.

சீசன் ஞாயிறு வேண்டாம், சாலை கொள்ளாது. அரையாண்டுத் தேர்வு முடிந்த ஒரு காலைப்பொழுதுக்குத் தலைமைச் சகோதரி அனுமதி தரட்டும். மேலகரத்தில் மோர்ப்பந்தல் போட எந்தப் பெற்றோர் முன்வருகிறீர்கள்?