கோடை விடுமுறையும் கோடம்பாக்கமும்

'கெட்டும் பட்டணம் சேர்' என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. நிலம் கைவிட்டுப் போய், தொழில் நொடித்து, கடன் நெரிக்கும் நாளில் மனிதனுக்குக் கடைசிப் புகலிடமாகப் பட்டணத்தைக் காட்டிய பழமொழி அது. ஆனால், நம் கல்லூரி மாணவர் எதையும் இழந்தவரல்லர். பருவத் தேர்வு முடிந்த மறுநாளே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சென்னைக்குப் பேருந்து ஏறும் இவர்களுக்கு அப்பழமொழி எவ்வாறு பொருந்தும்? இவர்கள் எதை நாடிச் செல்கின்றனர்? திரும்பும்போது எதைக் கொண்டுவருகின்றனர்? மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் ஒருசேர எண்ணிப் பார்க்கவேண்டிய வினாக்கள் இவை.

பட்டணம் போகவே கூடாது என்பது என் கருத்தன்று. இராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரிச் சிற்றூர் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். மே மாதத்தில் கண்மாய் வெடித்துக் கிடக்கும், வயலில் வேலையிராது, வேலிக் கருவை நிழலில் ஆடுகள் ஒடுங்கி நிற்கும். காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. கல்லூரிப் பாடத்திற்கு அப்பால் ஒரு நூலைத் தேடினால் கிடைப்பதற்கு வழியில்லை. பத்தொன்பது வயது இளைஞன் இரண்டு மாதம் அங்கே திண்ணையில் அமர்ந்து பொழுதைக் கழிக்கவேண்டும் என்று நாம் எவ்வாறு கூறமுடியும்? உலகத்தைக் காணும் வேட்கை அவனுக்கு இருப்பது இயல்பே. சாச்சா வீடோ மாமா வீடோ சென்னையில் இருக்குமாயின் அவன் போகத்தான் செய்வான், போகட்டும். அங்குச் சென்று எந்தக் கதவைத் தட்டப் போகிறான் என்பதே நம் கவலை.

பெரும்பாலோர் தட்ட நினைப்பது கோடம்பாக்கத்தின் கதவையே. தமிழ் இலக்கணம் கற்றோர் இடவாகுபெயருக்கு இக்காலத்து எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. கோடம்பாக்கம் என்றாலே திரையுலகம் என்று பொருள் கொள்ளும் நிலை வந்துவிட்டது. ஆற்காடு நவாபின் குதிரைகள் நின்ற தோட்டமாதலால் இப்பெயர் வந்தது என்று செவிவழிச் செய்தி ஒன்றுண்டு. அது எவ்வாறாயினும், 'பாக்கம்' என்ற சொல் சிற்றூரைக் குறிப்பது. சேப்பாக்கம், நுங்கம்பாக்கம், விருகம்பாக்கம் என்பன போலக் கோடம்பாக்கமும் பெயரளவில் இன்றும் ஒரு கிராமமே. கிராமத்தை விட்டு ஓடிவரும் இளைஞன் வந்து சேருமிடமும் கிராமத்துப் பெயரைத் தாங்கி நிற்பதை அவன் அறிவதில்லை.

அங்கே படப்பிடிப்பு நிலையங்கள் நிறைந்திருந்த காலம் உண்மையாகவே இருந்தது. காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் தம் படப்பிடிப்பு நிலையத்தை நடத்திவந்த ஏ.வி. மெய்யப்பன், 1948-ஆம் ஆண்டில் அதனைக் கோடம்பாக்கத்திற்குக் கொணர்ந்தார். அவ்வட்டாரத்திலேயே விஜயா வாகினி முதலிய நிலையங்கள் புகழ்பெற்றன. ஆனால் இன்றைய நிலை என்ன? விஜயா வாகினி இருந்த வடபழனி நிலப்பரப்பில் மருத்துவமனையும் பேரங்காடியும் நிற்கின்றன. ஏ.வி.எம். வளாகத்தில் பழைய படக்கருவிகளையும் கார்களையும் வைத்து 2023-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். எந்த வாயிலில் கால்கடுக்க நின்றால் ஒரு நடிகரின் முகத்தையாவது கண்டுவிடலாம் என்று நம் மாணவர் எண்ணுகின்றாரோ, அந்த வாயில்களுள் பல இன்று இல்லை. படப்பிடிப்பு ஊரூராகப் பரந்துவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கையை எண்ணிப் பார்த்தல் தகும். பண்ணைப்புரம் என்னும் சிற்றூரிலிருந்து சென்னைக்கு வந்த இளையராசா 1976-இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தபோது, தமிழகம் செவிசாய்த்தது எதற்கு? வயலிலும் களத்திலும் பாட்டிமார் பாடிய மெட்டின் சாயலுக்கன்றோ? தேனி அல்லிநகரத்திலிருந்து வந்த பாரதிராசா 1977-இல் '16 வயதினிலே' படத்தின்மூலம் படக்கருவியைச் செட்டுகளுக்குள்ளிருந்து வெளியேற்றித் திறந்தவெளிக்கு அழைத்துச் சென்றார். செங்கப்படுத்தான்காட்டில் பிறந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், 1959-இல் இருபத்தொன்பது வயதிலேயே மறைந்தும், உழைப்பவர் குரலாக நம்மிடையே நிலைத்துவிட்டார். திருவாரூர்ப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் 1914-இல் பிறந்த கவி கா.மு. ஷெரீப் திரைப்பாடல் எழுதியதோடு தமிழ் உணர்வுக்கும் தொண்டாற்றினார். இவர்கள் பட்டணத்திற்குக் கொண்டுவந்த கைம்முதல் அவரவர் ஊரின் மொழியும் ஓசையும் பட்ட வெயிலும் ஆகும். சினிமா கிராமத்தைத் தேடிப் புறப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும், கிராமத்து மாணவன் தன் பேச்சை மறைத்து, தன் ஊர்ப்பெயரைச் சொல்லக் கூசிக்கொண்டு, சினிமாவைத் தேடிக் கோடம்பாக்கம் போகின்றான்! விற்கத் தகுந்த ஒரே சரக்கை வழியிலேயே எறிந்துவிட்டுச் சந்தைக்குப் போகின்றவனை என்னென்பது?

திரைத்தொழிலை இழிவாகக் கருதி இதனைக் கூறவில்லை. அத்தொழிலில் விருப்பமுள்ள மாணவர்க்குத் தரமணியில் தமிழக அரசின் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கின்றது. ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. படப்பிடிப்பிலும் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிச் சங்கமும் உறுப்பினர் அட்டையும் உண்டு. இவற்றை அறியாமல், 'வாய்ப்பு வாங்கித் தருகிறேன்' என்று தேநீர்க் கடையில் சொல்பவரை நம்பித் தந்தை அனுப்பிய பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கும் இளைஞரின் கதை அப்பகுதியில் புதிதன்று. சென்னையிலேயே பிறந்து வளர்ந்த ஏ.ஆர். ரகுமான்கூடக் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தை ஒட்டிய சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் இரவு பகலாக உழைத்த பின்னரே, 1992-இல் 'ரோஜா' வெளிவந்து உலகம் அவரை அறிந்தது. மூடிய அறைக்குள் நிகழ்ந்த அவ்வுழைப்பைத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர் எவர்?

அங்ஙனமாயின் கோடை விடுமுறையில் சென்னையில் காணத்தக்கது யாது? கோடம்பாக்கத்தில் மின்ரயில் ஏறி எழும்பூரில் இறங்குங்கள். 1896-இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகம் நடந்துசெல்லும் தொலைவில் உள்ளது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படி ஒன்று வந்து சேரவேண்டிய நூலகங்களுள் அது ஒன்று. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்த நூலைக் கொண்டுசென்று அமர்ந்து படிக்கவும் போட்டித் தேர்வுக்கு ஆயத்தம் செய்யவும் இடமுண்டு. திருவல்லிக்கேணியில் எட்வர்டு பால்ஃபோர் 1850-இல் தொடங்கிய முஹம்மதன் பொது நூலகம் இருக்கின்றது; மறு ஆண்டு சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பை முதன்முதல் ஏற்றவரும் அவரே. பெசன்ட் நகரில் உ.வே. சாமிநாதையர் நூலகமும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன.

பின்னிரண்டையும் சற்று நின்று நோக்குக. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து திரட்டிய ஏடுகள் பல சிற்றூர் வீடுகளின் பரண்களில் கிடந்தவை. ரோஜா முத்தையா, செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்துக்கொண்டே பல்லாயிரம் நூல்களைச் சேர்த்தவர். 1992-இல் அவர் மறைந்த பின்னர் அச்சேகரம் சென்னைக்கு வந்து 1994-இல் நூலகமாயிற்று. வெளிநாட்டு அறிஞரும் தேடிவரும் அக்கருவூலம் ஒரு சிற்றூர் மனிதரின் வீட்டில் பிறந்தது என்பதை நம் மாணவர் அறிந்தால், ஊர்ப்பெயரைச் சொல்லக் கூசமாட்டார்.

இனி, விருந்தோம்பும் வீட்டைப் பற்றியும் ஒரு சொல். கோடம்பாக்கத்துச் சந்தில் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வாடகை வீட்டில் ஐவர் வாழும்போது ஆறாமவராக நாம் நுழைகின்றோம். உறவினர் முகம் சுளிப்பதில்லை. ஆயினும், ஒவ்வொரு குடமும் அவர்களுக்குக் கணக்கு. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஓடத் தொடங்கிய அவ்வண்டி ஒருமுறைக்கு 25 இலட்சம் லிட்டர் சுமந்தது. தியாகராய நகரே 1920-களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர்தானே? ஏரியைத் தூர்த்த நகரம் வேறொரு மாவட்டத்தின் தண்ணீருக்குக் கையேந்தி நின்ற காட்சி, கண்மாயை நம்பி வாழும் கிராமத்து மாணவனுக்குப் பெரும் பாடமாகும். அவன் விருந்தினனாகக் குறைந்த நீரில் குளிக்கக் கற்கட்டும்; ஊர் திரும்பியதும் தன் கண்மாய்க் கரையையும் வரத்துக்காலையும் ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

பெரியோர்களே! உங்கள் முன் இரு வேண்டுகோள்கள் உள்ளன. அண்ணன் ஏப்ரல் இறுதியில் சென்னைக்குப் புறப்படுகின்றான். அதே கல்லூரியில், அதே துறையில், அவனினும் மிகுதியான மதிப்பெண் பெறும் தங்கை எங்கே போகிறாள்? அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் இடையே அவளுடைய விடுமுறை கழிகின்றது. நீதியரசர் பஷீர் அகமது சயீது 1955-இல் தேனாம்பேட்டையில் பெண்களுக்கெனக் கல்லூரி தொடங்கிய சமுதாயம் நம்முடையது. பெண்ணைப் பட்டணத்திற்கு அனுப்பிப் படிக்க வைக்கலாம் என்று அன்றைக்கே துணிந்தவர்கள் நம் முன்னோர். இன்று அவளை இருபது நாள் நூலகம் பார்க்க அனுப்பத் தயங்குவது, அவர்கள் நடந்த பாதையில் நாம் பின்னோக்கி நடப்பதாகாதா?

மற்றொன்று: கிராமத்து மாணவர் இடமின்றி உறவினர் வீட்டுக் கூடத்தில் ஒண்டிக்கிடக்கும் அதே மே மாதத்தில், கல்லூரி விடுதிகளின் அறைகள் பூட்டிக் கிடப்பது எங்கும் இயல்பு. இராயப்பேட்டையில் 1951-இல் தோன்றிய புதுக்கல்லூரி முதலாக, நம் பெருமக்கள் நிறுவிய கல்வி நிலையங்கள் சென்னையில் பல உள்ளன. அவை தம் விடுதி அறைகளுள் சிலவற்றைத் தொலைதூரச் சிற்றூர் மாணவர்க்கு இருபது நாள் திறந்துவிடலாகாதா? மாணவியர்க்குத் தனி விடுதியும் பொறுப்பாசிரியையும் அமையட்டும். முதல்வரின் அறிமுகக் கடிதத்தோடு வருபவருக்கு மட்டும் இடமளிக்கட்டும். உணவுச் செலவை இயன்றவர் தாமே ஏற்கட்டும்; இயலாதவர்க்கு அவரவர் ஊர் ஜமாஅத் உதவட்டும். பகலில் நூலகம், அருங்காட்சியகம், ஒரு தொழிற்கூடம். மாலையில் ஓர் அறிஞரோடு உரையாடல். ஊர் திரும்பும் மாணவர் தாம் கற்றதைப் பத்துப் பக்கத்தில் எழுதித் துறையில் ஒப்படைக்கவேண்டும். 'யார் பொறுப்பேற்பது?' என்று கேட்பீராயின், திருமண மண்டபம் கட்டுவதற்கும் விழா எடுப்பதற்கும் பொறுப்பேற்கின்ற கைகளே இதற்கும் போதுமானவை என்பேன்.

மாணவ நண்பர்களே! 2023-ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் தென்மாவட்டத்தார் சென்னையில் இறங்கும் வாயில் மாறிவிட்டது. அங்கிறங்கி வண்டலூரில் மின்ரயில் ஏறினால் கோடம்பாக்கம் தொலைவில்லை. செல்லுங்கள்; கடற்கரையையும் காணுங்கள்; விருப்பமிருந்தால் ஒரு திரைப்படமும் பாருங்கள். வள்ளுவர் கோட்டத்தில் திருவாரூர்த் தேரின் வடிவில் அமைந்த கல்தேரைக் கண்டு, சோழநாட்டு ஊர் ஒன்றின் தேர் தலைநகரில் நிற்பதை எண்ணி மகிழுங்கள். உங்கள் ஊர்ப்பேச்சை மட்டும் பேருந்து நிலையத்தில் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்போது, சென்னை சென்றுவந்த நண்பனைச் சுற்றி நின்று, 'எந்த நடிகரைப் பார்த்தாய்?' என்று கேட்பது நம் வழக்கம். வருகின்ற ஆண்டு, 'எந்த நூலைப் படித்தாய்? நம் ஊருக்கு என்ன கொண்டுவந்தாய்?' என்று ஒருவரேனும் கேட்பாராக. அவ்வினாவிற்கு விடையோடு வருகின்ற மாணவனும் மாணவியும் நம் துறைக்கு மட்டுமன்றி, தாம் பிறந்த சிற்றூருக்கும் பெருமை சேர்ப்பர்.