மாலே இன்ஜினும் பட்டறைக்காரர்களும்

பிரெஞ்சில் படித்தவன் நான். பெயரின் கடைசி ‘தே’ எழுத்தை நாங்கள் உச்சரிப்பதில்லை. அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைகளில் நிலக்கரி இழுத்த ரயில்காரர்களும் தங்கள் பெரிய நீராவி இன்ஜினை ‘மாலி’ என்றே சொன்னார்களாம். படித்ததும் சிரித்துவிட்டேன்.

பாரிஸில் படித்த அனத்தோல் மாலே 1884-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. பின் சிலிண்டர்களில் உழைத்த நீராவியை வீணாக்காமல் முன்னாலுள்ள பெரிய சிலிண்டர்களுக்கு அனுப்பி மறுபடி வேலை வாங்கும்.

நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே அவற்றை ரோனோக் ஊரில் சொந்தப் பட்டறையிலேயே கட்டியது. மற்ற பெரிய கம்பெனிகள் டீசலுக்கு மாறிய பிறகும் 1960 வரை நீராவியை ஓட்டியது. பிடிவாதம் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். ஏற்றிய சரக்கும் நிலக்கரி, எரித்ததும் நிலக்கரி. சுரங்கக்காரர்தான் வாடிக்கையாளர். கட்டத் தெரிந்த கைகளும் வீட்டிலேயே இருந்தன.

கடைசியில் டீசல் வந்தது. செலவு குறைவு, மறுக்கவில்லை. ஆனால் பாய்லர் வேலை மட்டுமே தெரிந்தவர் என்ன செய்வார்?

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்த அன்று, முப்பது வருஷம் டைப் அடித்த அம்மாளின் மேஜையை வராந்தாவுக்குத் தள்ளினார்கள். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து மேஜையில் இருந்த நானும்தான்.

புதியது வரட்டும். வருவதற்கு முன்பே, பழைய வேலை தெரிந்தவரை உட்காரவைத்துப் பேசி, அடுத்த வேலையைக் கற்றுக்கொடுங்கள். அதற்குப் பெரிய செலவில்லை.