குடியும் சங்கத்தின் கடமையும்

சென்ற மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு நூலும் கடனும் கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு யோசனை கூறினார். பலர் கை தட்டினார்கள். அவர் நல்லெண்ணத்தோடு பேசினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அந்த யோசனையை நான் எதிர்க்கிறேன். அடுத்த கூட்டத்தில் அது தீர்மானமாக வருமுன், என் காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைப்பது கடமை எனக் கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், இதே காரணத்தைச் சொல்லி ஒரு நெசவாளருக்குப் பாவு கொடுப்பதை நிறுத்தினோம். அன்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவர் குடியை நிறுத்தவில்லை, தறிதான் நின்றது. அதுவரை வீட்டில் தார் சுற்றிக் கொடுத்துவந்த அவர் மனைவி கல் உடைக்கப் போனார். ஒன்பதாம் வகுப்பில் இருந்த மகள், தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியை விட்டாள். நாங்கள் தண்டிக்க நினைத்தது ஒருவரை. தண்டனையைச் சுமந்தவர்கள் மற்ற மூவர்.

மதுவிலக்கு வேண்டும் என்பாரோடு எனக்கு வழக்கில்லை. 1937-ஆம் ஆண்டில் ராஜாஜி சேலம் ஜில்லாவில் அதைத் தொடங்கினார். 1948-இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்ந்து, 1974-இல் மீண்டு, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அரசாங்கத்தின் வாணிபக் கழகமே நடத்திவருகிறது. சட்டம் இவ்வாறு மாறிமாறி வந்திருக்கிறது. அது மறுபடியும் மாறும்வரை, அல்லது குடிப்பவர் மனம் மாறும்வரை, இன்று மாலை உலை வைக்க வேண்டிய பெண் காத்திருக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு விடையாக எழுந்ததே தீங்கு குறைத்தல் என்னும் முறை. பழக்கத்தை விட்டால்தான் உதவி என்று நிபந்தனை போடாமல், பழக்கம் இருக்கும்போதே அதனால் விளையும் கேடுகளை ஒவ்வொன்றாகக் குறைப்பது இதன் சாரம். ஊசி வழியே போதை ஏற்றுவோர்க்குத் தூய ஊசியும், நாவின் கீழ் வைக்கும் மாற்று மருந்தும் வழங்கும் திட்டத்தைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமே ஏற்று நடத்துகிறது. போதையை ஆதரிப்பதற்காக அன்று. நோய் பரவி மனைவி மக்களும் மாளாமல் இருப்பதற்காக.

குடி விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் தவறுகள் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தச் செய்வது ஆபத்து. கை நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை ஆகியவை ஓரிரு நாட்களில் தோன்றி உயிருக்கே உலை வைக்கலாம். இதை மருத்துவமனையில்தான் செய்விக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடிகளை வாங்கவே கூடாது. மேலே மது சேர்ந்தால் சில மருந்துகள் ஆளையே கொல்லும். கோபத்தால் சோறு போட மறுப்பதும் தவறு. உணவு குறைந்த குடியர் பி1 சத்தை இழந்து நினைவு தடுமாறிப் போகிறார். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. கண் மங்கல், வாந்தி, வயிற்று வலி என்றால் மானத்தைப் பார்த்து ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது.

இன்னொரு விஷயம் விவசாயிகளுக்கு. குடிவெறியும் சண்டையும் கூடிய இரவில் கைக்கெட்டும் தூரத்தில் பூச்சிமருந்து இருப்பது எத்தனையோ குடும்பங்களை அழித்திருக்கிறது. கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில், சிநேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பைச் சேர்ந்தோர், விவசாயிகள் தம் மருந்தைத் தனித்தனிப் பெட்டிகளில் பூட்டி வைக்கும் பொது அறையை ஊரிலேயே அமைத்துப் பார்த்தனர். நம் சங்கத்தின் உரக் கிடங்கில் ஒரு மூலை இதற்குப் போதும்.

வைத்தியத்துக்கும் கிராமத்திலேயே வழி உண்டு. கணவரை மதுவால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம், 1989-இல் அந்நாள் தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் அமைத்தது. குடிப்பவர்களைப் பட்டணத்துக்கு வரவழைக்காமல், ஊரார் துணையுடன் அவ்வூரிலேயே வைத்தியம் செய்து, குடும்பத்தாருக்கும் ஆலோசனை கூறி, பின்னரும் தொடர்ந்து கவனித்தனர். ஊரார் செய்த அந்தத் துணையைக் குளத்தூரில் நம் சங்கம் செய்ய இயலாதா?

இனி கூலிக்கு வருவோம். பாவு கணவர் பெயரில் வருகிறது. தார் சுற்றுவது மனைவி. ஆகவே கூலியில் ஒரு பங்கை மனைவியின் வங்கிக் கணக்கில் சேர்ப்பது தருமமன்று; அவர் உழைப்புக்கு உரிய பங்கு. அங்கத்தினர் தெளிவாக இருக்கும் நேரத்தில் அவர் சம்மதத்தை எழுத்தில் பெற்றே இதைச் செய்யவேண்டும். கட்டாயம் வீட்டுச் சண்டையைத்தான் வளர்க்கும். பெண்கள் வங்கிக்குப் போவார்களா என்று சிலர் கேட்கலாம். அறிவொளி இயக்கக் காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்ற மாவட்டம் இது. கீரனூர் அவர்களுக்குத் தூரமன்று.

இதையெல்லாம் கேட்டு, பெண்கள் அடி உதையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் பொருள் கொள்ளக் கூடாது. அடிப்பவரிடமிருந்து பிரிந்து நிற்பதும் தீங்கைக் குறைப்பதே. அதற்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டமும், 181 என்னும் உதவி எண்ணும் உள்ளன. போதை மறுவாழ்வுக்கு ஆலோசனை கேட்க எண் 14446. இவ்விரண்டையும் சங்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க ஒரு சுண்ணாம்புக் கட்டியே செலவு.

கடன் பாக்கி என்னவாகும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நின்ற தறியிலிருந்து எந்தச் சங்கமும் பாக்கியை வசூலித்ததில்லை. ஓடுகிற தறிதான் கடனை அடைக்கும்.

ஆகவே நூலை நிறுத்தும் யோசனைக்குப் பதிலாக மூன்றை முன்மொழிகிறேன்: சம்மதத்தின் பேரில் கூலியைப் பிரித்து வழங்குதல், கிடங்கில் மருந்துப் பெட்டிகள், மாவட்ட மருத்துவர்கள் துணையுடன் ஆண்டுக்கு ஒரு முகாம். பெண் அங்கத்தினர்கள் இம்முறை கூட்டத்துக்குத் தவறாமல் வரவேண்டும். அன்று நான் தவறாகத் தூக்கிய கையை இந்த மூன்றுக்காகத் தூக்கப்போகிறேன்.