அலாய் வீலா? உரிச்சுப் பார்த்துட்டு மாட்டுங்கப்பு!

மெக்கானிக்கல் படிச்சுட்டு மென்பொருள் கம்பெனியில ஆணி புடுங்குற பெருங்கூட்டத்துல அடியேனும் ஒருத்தன். படிச்ச படிப்புக்குப் பிராயச்சித்தமா வீட்டுல ஒரு 1998 மாடல் மாருதி ஜென் நிக்குது. 1993-ல வந்து 2006-ல நின்னுபோன அந்த உருண்டை ஜென்தான், பின்னாடி வந்த எஸ்டிலோ இல்லை. அதுக்காக செகண்ட் ஹேண்டுல வாங்கின நாலு 13 இன்ச் அலாய் வீலை ஆறு வாரமா சனி, ஞாயிறுல மொட்டை மாடியில வெச்சு உரிச்சுக்கிட்டு இருக்கேன்.

பார்க்கிறவங்க எல்லாம் கேக்கறது ஒரே கேள்வி. "பவுடர் கோட்டிங் பண்றவங்ககிட்ட குடுத்தா ரெண்டு நாள்ல புதுசாட்டம் வந்துடுமே, உனக்கு எதுக்கு இந்த வேலை?" பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அதான் ஒரு பதிவாவே போட்டுடலாம்னு :-)

என் கட்சி இதுதான்: பெயிண்ட்டை யார்கிட்ட வேணும்னாலும் அடிச்சுக்கோங்க. உரிக்கிறதை மட்டும் நீங்களே பண்ணுங்க.

காரணம் உலோகத்துல இருக்கு. பெரும்பாலான அலாய் வீல்கள் வார்ப்பு அலுமினியம். அதிகம் பயன்படறது ஏ356-ங்கற கலவை. சுமார் 7 சதவீதம் சிலிக்கான், கொஞ்சூண்டு மெக்னீசியம். வார்த்ததும் அதுக்குப் பெரிய பலம் கிடையாது. 540 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடாக்கி, தண்ணியில முக்கி, திரும்ப 150-லேர்ந்து 170 டிகிரியில சில மணி நேரம் வெச்சிருந்தாத்தான் பலம் வரும். பாடப்புத்தகத்துல டி6-னு படிச்சு, பரீட்சை முடிஞ்சதும் மறந்துபோனது இதுதான்.

இப்ப யோசிங்க. பவுடர் கோட்டிங் அடுப்பு 180-200 டிகிரி. அதுவும் கொஞ்ச நேரம்தான், பெரிசா பாதகமில்லை. ஆனா பழைய பெயிண்ட்டை எடுக்க சில இடங்கள்ல வீலை 350 டிகிரிக்கு மேல இருக்கிற அடுப்புல போட்டு எரிச்சுடறாங்க. வேலை சுலபம், வீல் பளிச்னு வந்துடும். கூடவே அந்த டி6 பலமும் போயிடும். வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. பள்ளத்துல விழுற அன்னிக்குத்தான் தெரியும்.

ரோட்டோரத்துல கேஸ் டார்ச்சைக் காட்டி, சுத்தியலால தட்டி 'பெண்டு' எடுக்கறதும் இதே கதைதான். இன்னும் மோசம்னுகூட சொல்லலாம். இரும்புன்னா சூடு ஏற ஏற சிவக்கும், நிறத்தை வெச்சே அளவு தெரிஞ்சுக்கலாம். அலுமினியம் சிவக்காது. உருகுற வரைக்கும் வெள்ளைப் பிள்ளையாட்டம் உட்கார்ந்திருக்கும்.

என் நாலு வீல்ல ஒண்ணு இப்படித்தான் மாட்டுச்சு. வெளிப்பக்கம் நாலும் ஒண்ணுபோல வெள்ளி நிறத்துல மின்னுச்சு. உள்பக்கம் ரிமூவர் போட்டு உரிச்சா, பெயிண்ட்டுக்குக் கீழ பட்டி, பட்டிக்குக் கீழ ஒரு சாண் நீளத்துக்கு வெல்டிங். சந்தேகத்துக்கு வெல்டிங் பட்டறைகள்ல சோதனைக்கு வெச்சிருக்கிற சிவப்புச் சாயக் கிட் வாங்கிட்டு வந்து அடிச்சேன். சாயத்தைத் தடவி, துடைச்சு, மேல வெள்ளைப் பவுடரைத் தெளிச்சா, விரிசல் இருக்கிற இடத்துல உள்ள போன சாயம் கசிஞ்சு சிவப்புக் கோடா வரும். வந்துச்சு. வெல்டிங் முடியற இடத்துலேர்ந்து ஆரம்பிச்சு ஆரக்கால் பக்கம் போயிட்டிருந்துச்சு. வித்தவர்கிட்ட போன் பண்ணிக் கேட்டா, "ஓடுற வரைக்கும் ஓடட்டும் சார்"ங்கறார். இதுல அப்பா அம்மாவை உட்கார வெச்சு திண்டிவனம் ரோட்டுல போயிருந்தா?

சரி, உரிக்கப் போறவங்களுக்குச் சில விஷயம். அடைப்பெடுக்கற காஸ்டிக் சோடாவை வீல் பக்கமே கொண்டு போகாதீங்க, அது அலுமினியத்தையே தின்னுட்டு ஹைட்ரஜனைக் கக்கும். பழைய வகைப் பெயிண்ட் ரிமூவர்ல இருக்கிற மெதிலீன் குளோரைடு நல்லாத்தான் வேலை செய்யும். ஆனா அந்த ஆவி உடம்புக்குள்ள போய் கார்பன் மோனாக்சைடா மாறும். மூடின குளியலறையில இதை வெச்சு வேலை பார்த்து செத்துப்போனவங்க உண்டு. அமெரிக்காவுல 2019-ல வீட்டு உபயோகத்துக்கு விக்கறதையே தடை பண்ணிட்டாங்க. டப்பாவைத் திருப்பிப் படிச்சுட்டு, அது இல்லாததா வாங்குங்க. தடவி, பாலிதீன் ஷீட்டால மூடி ஊற வெச்சா வேகம் குறைச்சலானதும் வேலை செய்யும். எதுவா இருந்தாலும் திறந்த மாடி, தடிமனான கையுறை, ஆவியைத் தடுக்கிற கார்ட்ரிட்ஜ் மாஸ்க். கொரோனாவுக்கு வாங்கின என்95 தூசிக்குத்தான், ஆவிக்கு உதவாது.

சுரண்ட பிளாஸ்டிக் தகடு போதும். இரும்பு கம்பி பிரஷ் வேணாம், அதோட துகள் அலுமினியத்துல பதிஞ்சு பின்னாடி அங்கேயே அரிக்கும். அப்புறம் 80-ல ஆரம்பிச்சு 180, 240, 400-னு உப்புத்தாள். தோள்பட்டை கழண்டு விழும், வேற விசேஷம் இல்லை.

பெயிண்ட் அடிக்கறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கறாரா சொல்லிடுங்க. நட்டு உட்கார்ற குழியிலயும், ஹப்போட ஒட்டுற முகத்துலயும் தடிமனா பெயிண்ட் கூடாது. ஓட்டும்போது அந்தப் பெயிண்ட் நசுங்கும், நட்டு லூஸாகும். மாட்டி ஒரு 50-100 கிலோமீட்டர் ஓடினதும் டார்க் ரென்ச் வெச்சுத் திரும்ப ஒருதரம் பார்த்துடுங்க.

விரிசல் வீலைக் காயலான் கடையில போடறதுக்கு முன்னாடி ஹேக்ஸாவால ரெண்டா அறுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, பிளேடு மூணு போச்சு. முழுசா போட்டா இன்னொருத்தர் பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சு வித்துடுவார். அம்மாவுக்கு என் மூளை மேல இருந்த சந்தேகம் அன்னிக்கு ஊர்ஜிதமாயிடுச்சு.

மீதி மூணும் சாய டெஸ்ட்ல தேறிடுச்சு, பிரைமரோட நிக்குது. அதே டிசைன்ல நாலாவதுக்குப் புதுப்பேட்டையில ரெண்டு ஞாயிறா அலையறேன். கிடைச்சா அதையும் உரிக்கணும்.