கால் கழுவுற பாடம் யாருக்கு?

1/ கடலூர், சிதம்பரம் பக்கம் கிராமச் சபைகள்ல புது விசுவாசிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கும். அதுல தவறாம வர்ற தலைப்பு 'பணிவிடைத் தலைமை'. தலைவர்னா சேவை வாங்குறவர் இல்ல, சேவை செய்யறவர். நானும் சபைக்குப் போறவன்தான். பாடத்துல தப்பு இல்ல. ஆனா அதை யாருக்கு, எப்படி நடத்துறோம்ங்கிறதுல பெரிய தப்பு இருக்கு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

2/ புவனகிரி பக்கம் ஒரு கிராமத்துல மருத்துவ முகாமுக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கொட்டகையில இந்த வகுப்பு. இயேசு சீடர்களோட கால்களைக் கழுவின கதையைச் சொல்லி, "நீங்களும் தாழ்மையா இருக்கக் கத்துக்கணும்"னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கேட்டுக்கிட்டு இருந்தவங்க பெரும்பாலும் நடவு, களையெடுப்புன்னு கூலி வேலைக்குப் போற பெண்கள்.

3/ வகுப்பு முடிஞ்சு பிரஷர் பார்க்க வந்த ஒரு ஆயா என்கிட்ட கேட்டாங்க: "ஏன் தம்பி, காலம் பூரா அடுத்தவங்களுக்குக் குனிஞ்சுதானே கெடந்தோம்? இதுல புதுசா என்ன கத்துக்கச் சொல்றாங்க?" எனக்குப் பதில் வரல.

4/ பிரஷர் அதிகமா இருக்கறவருக்கு உயிர் காக்கிற மாத்திரை, ஏற்கனவே லோ பி.பி.யில மயங்கி விழறவருக்கு ஆபத்து. மாத்திரை மேல குறை இல்ல, ஆளைப் பார்க்காம கொடுத்ததுதான் குறை. தாழ்மைப் பாடமும் அப்படித்தான். நிமிர்ந்தே நின்னவருக்கு அது மருந்து. நிமிரவே விடப்படாதவருக்கு அது பழைய நோயை இன்னும் முத்த வைக்கும்.

5/ "தாழ்மை எல்லாருக்கும் பொதுதானே டாக்டர்?"னு கேப்பீங்க. பொதுதான். ஆனா அந்தக் கதையைத் திரும்பப் பாருங்க. அன்னைக்குக் கழுவினவர் குரு, உட்கார்ந்திருந்தவங்க சீடர்கள். முறை தலைகீழா இருந்ததாலதான் பேதுரு பதறிப்போய்த் தடுத்தார். கீழ இருக்கறவர் கீழயே இருந்தா அங்க யாரும் பதறப்போறதில்ல. அப்படின்னா பாடமும் அங்க நடக்கல.

6/ இது இன்னைக்கு நேத்து வந்த சிக்கல் இல்ல. கடலூர்ல பிறந்த ஆறுமுகம், தரங்கம்பாடி மிஷன்ல ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். முதல்ல உபதேசியார், அப்புறம் 1733-ல குருப்பட்டம். இந்தியாவோட முதல் புராட்டஸ்டன்ட் சுதேசி போதகர் நம்ம கடலூர்க்காரர். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆரோன் வெள்ளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

7/ அதே காலத்துல ராஜநாயக்கன்னு ஒருத்தர். பறையர் சமூகம். தஞ்சாவூர் ராஜாவோட படையில இருந்தவர், பிறகு உபதேசியார் ஆகி தஞ்சாவூர்ப் பகுதியில வருஷக்கணக்கா உழைச்சார். 1741-ல அடுத்த போதகரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பேரும் பேசப்பட்டது. ஆனா பட்டம் போனது தியோகுவுக்கு.

8/ காரணம் ராஜநாயக்கனோட திறமையோ ஒழுக்கமோ இல்ல. அவர் கையால மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டாங்கங்கிறதுதான். சேவை செய்ய அவர் வேணும், கிண்ணத்தை நீட்ட அவர் வேண்டாம். பணிவிடை ஒருத்தருக்கும் தலைமை இன்னொருத்தருக்கும் போச்சு.

9/ நூறு வருஷம் கழிச்சும் இந்தச் சண்டை ஓயல. லைப்சிக் மிஷன்ல இருந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள்ள சாதியைச் சகிச்சுக்கிறதை ஏத்துக்காம வெளியேறினார். 1860-களில் பண்ருட்டி பக்கம் மேல்பட்டாம்பாக்கத்துல புதுசா ஆரம்பிச்சார். டேனிஷ் மிஷன் அவரோட கைகோத்தது. இன்னைக்குக் கடலூரைத் தலைமையிடமா வெச்சிருக்கிற ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வழியில வந்ததுதான். அதாவது, நம்ம மாவட்டத்துல ஒரு திருச்சபையோட வேரே இந்தக் கேள்வியில இருக்கு.

10/ அதுக்காகச் சாதி போயிடுச்சுன்னு சொல்ல முடியுமா? தமிழ்நாட்டுல கிறிஸ்தவக் கல்லறைக்குள்ளயே சாதிச் சுவர் எழும்பின ஊர் இருக்கு. செத்த பிறகும் பக்கத்துல படுக்க மனசு வராதவங்களுக்குத்தான் முதல்ல கால் கழுவுற பாடம் தேவை.

11/ சரி, குனிஞ்சே இருந்தவங்களுக்கு என்ன பயிற்சி? இதுக்குச் சிதம்பரத்துல ஒரு உதாரணம் இருக்கு, கிறிஸ்தவர் இல்லாத ஒருத்தர். சுவாமி சகஜானந்தர், ஒடுக்கப்பட்ட சமூகத்துல பிறந்த சைவத் துறவி. 1916-ல நந்தனார் பேர்ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார். பிறகு சட்டமன்றத்துக்கும் போனார். "இன்னும் பணிவா இரு"ன்னு அவர் தன் பிள்ளைங்களுக்குச் சொல்லல. எழுத்தைக் கொடுத்து நிமிர வெச்சார். பணிவிடைத் தலைமைக்கு இதைவிட நல்ல பாடம் எங்க இருக்கு?

12/ அதனால நான் சொல்றது இதுதான். ஒரே வகுப்பு, ஒரே பாடம்னு நடத்தாதீங்க. ரெண்டு பயிற்சி வேணும். நிமிர்ந்து பழகினவங்களுக்குக் குனியற பயிற்சி. குனிஞ்சு பழகினவங்களுக்கு நிமிர்ற பயிற்சி.

13/ குனியற பயிற்சின்னா மேடைப் பேச்சு இல்ல. சாப்பாடு முடிஞ்சதும் போதகரும் மூப்பரும் எச்சில் இலை எடுக்கணும், பாத்திரம் தேய்க்கணும். பெரிய வியாழனுக்கு மட்டும் இல்ல, போட்டோவுக்கும் இல்ல. மத்தவங்களுக்கு அது அதிசயமாத் தெரியாத அளவுக்கு, வாராவாரம்.

14/ நிமிர்ற பயிற்சின்னா: கூட்டம் நடத்தக் கத்துக்கொடுங்க. சபைக் கணக்கு நோட்டைக் கையில கொடுங்க. "இது சரியில்ல ஐயா"ன்னு போதகர் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பழக்குங்க. சொன்னா கோவப்படாம கேளுங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு முதல்ல அதைக் கத்துக்கொடுங்க.

15/ உங்க சபையில கடைசியா எச்சில் இலை எடுத்தது யாரு? கடைசியா திருவிருந்துக் கிண்ணத்தை நீட்டினது யாரு? இந்த ரெண்டு வேலையும் எல்லாக் கைக்கும் மாறி மாறி வருதா? வந்தா உங்க பயிற்சி வேலை செய்யுது. இல்லன்னா, அந்த ஆயா என்கிட்ட கேட்ட கேள்விக்கு நீங்களும் இன்னும் பதில் சொல்லல.