மாமா, பிஎச்.டி. சேரட்டுமா?

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம், பிரியாணி மயக்கத்துல கண்ணு சொருகுற நேரமாப் பாத்து அக்கா பொண்ணு போன் பண்ணினா. திருநெல்வேலில எம்.எஸ்சி. இயற்பியல் முடிச்சிருக்கா. நெட் எழுதினதுல ஜே.ஆர்.எஃப். கிடைக்கல, உதவிப் பேராசிரியர் தகுதியும் கிடைக்கல. 2024 ஜூன்லேர்ந்து மூணாவதா ஒரு கட்டம் வச்சிருக்காங்களே, "பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்"னு, அதுல தேறியிருக்கா. அந்த மார்க்கு ஒரு வருஷம்தான் செல்லும். ஒரு கைடும் சேத்துக்கறேன்னு சொல்லிட்டாராம். உதவித்தொகை? "அதெல்லாம் பின்னாடி ஏதாவது ப்ராஜக்ட் வந்தா பாப்போம்மா"ன்னாராம்.

"மாமா, சேரட்டுமா வேண்டாமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

ஒரே வார்த்தைல சொல்ல முடியல. அதான் இந்தப் பதிவு. நீளமாத்தான் இருக்கும், காபி போட்டுக்கிட்டு வந்துடுங்க.

நான் யோசிக்கறதுக்குள்ள வீட்டுல ஆளாளுக்கு யோசனை சொல்லி முடிச்சுட்டாங்க. எங்க அத்தான், "பேருக்கு முன்னால டாக்டர்னு வரும்லா, கல்யாணப் பத்திரிகைல போட்டா எவ்வளவு நல்லாருக்கும்"னார். அக்கா, "சும்மா வீட்டுல இருக்கறதுக்கு எதையாவது படிக்கட்டுமேடா"ன்னா. என் நண்பர் ஒருத்தர், நம்மள மாதிரியே பொட்டி தட்டுறவர், விஷயத்தைக் கேட்டுட்டு, "பிஎச்.டி.யா? அஞ்சு வருஷம் வேஸ்ட். படிக்கிறவனுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்க, எல்லாம் நம்ம வரிப்பணம்"னார்.

மூணு பேருமே ஒரே தப்பைத்தான் பண்றாங்க. பிஎச்.டி.ங்கறதை ஒரு படிப்புன்னு நெனக்கிறாங்க. எம்.எஸ்சி.க்கு அடுத்த கிளாஸ், அவ்வளவுதான்னு. இல்லீங்க. அது வேலை. குறைஞ்சது மூணு வருஷம், நெசத்துல அஞ்சாறு வருஷம், காலைல ஒம்போது மணிக்குப் போயி ராத்திரி எப்ப வருவோம்னு தெரியாத முழுநேர வேலை. பி.எஃப். கிடையாது, நோட்டீஸ் பீரியட் கிடையாது, எச்.ஆர். கிடையாது. ஒரே ஒரு முதலாளி மட்டும் உண்டு.

எனக்கெப்படித் தெரியும்னா... கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2006-ல நானும் சேந்தேன். படிக வளர்ப்பு. தமிழ்நாட்டு இயற்பியல் துறைகள்ல தடுக்கி விழுந்தா ஒரு படிக வளர்ப்புக்காரர் மேலதான் விழணும். காரணம் சிம்பிள், செலவு கம்மி. ஒரு பீக்கர், ஒரு ஸ்டிரர், ரெண்டு உப்பு, வடிதாள். கரைச்சு, வடிகட்டி, மேல பாலித்தீன் பேப்பரைக் கட்டி, ஊசியால நாலு ஓட்டை போட்டு வச்சிட்டா தண்ணி மெதுவா ஆவியாகும். இருபது நாள், முப்பது நாள் கழிச்சு அடியில கண்ணாடி மாதிரி ஒண்ணு உக்காந்திருக்கும். அதை மொத மொத இடுக்கியால எடுத்து வெளிச்சத்துல பாத்தப்ப வந்த சந்தோஷம் இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. (வெப்பநிலை மாறாம வைக்கிற தொட்டியில வளத்ததெல்லாம் 2008-ல மின்வெட்டு வந்து கரைஞ்சு போனது தனிக்கதை.)

ப்ராஜக்ட் ஃபெல்லோ, மாசம் எட்டாயிரம். ஆனா மாசாமாசம் வராது. ஆறு மாசம், எட்டு மாசம்னு சேந்து மொத்தமா வரும். வர்றதுக்கு முன்னாடி "இந்த ஆள் ஒழுங்கா வேலை பாக்கறார்"னு கைடு கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்தை ஞாபகம் வச்சிக்குங்க, திரும்ப வருவேன்.

2009-ல கிளைசினையும் ஒரு உப்பையும் கலந்து ஒரு படிகம் வளத்தேன். லேசர் சோதனைக்கு அனுப்பினோம். 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு உள்ள போயி 532 பச்சையா வெளிய வந்துச்சு. துறையே டீ பார்ட்டி கேட்டுச்சு. "புதிய அரை-கரிம நேரிலா ஒளியியல் படிகம்"னு கட்டுரை எழுதி அனுப்பியாச்சு. அதுக்கப்புறம்தான் எக்ஸ்ரே அளவு கைக்கு வந்துது. எ 7.04, சி 5.48 ஆங்ஸ்ட்ராம். எங்கயோ பாத்த நம்பரா இருக்கேன்னு லைப்ரரில தேடினா, காமா கிளைசின். ஈட்டாகான்னு ஒரு ஜப்பான்காரர் 1950-கள்லயே அமைப்பைக் கண்டுபிடிச்சு எழுதி வச்சிட்டுப் போயிட்டார். நான் போட்ட உப்பு படிகத்துக்குள்ள போகவே இல்ல. கிளைசினைக் கரைச்சு கிளைசினைத் திரும்ப எடுத்திருக்கேன். மூணு வருஷத்து உழைப்பு :-(

ஓடிப்போயி கைடு கிட்ட சொன்னேன். "கட்டுரை ஏத்துக்கிட்டாங்க. இப்பப் போயி குட்டையைக் கொழப்பாத"ன்னார். கொழப்பல. ஏன்னா ஆறு மாசத்து உதவித்தொகை பாக்கி, கையெழுத்து அவர் போடணும். கட்டுரை வந்துச்சு. என் பேரு ரெண்டாவதா இருக்கு. இன்னிக்கும் இருக்கு.

நான் மட்டும் பண்ணின தப்பில்ல இது. கோவா பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் ஒருத்தர் இந்த மாதிரி "புது"ப் படிகங்களைப் பிடிச்சுப் பிடிச்சு, "ஐயா இது புதுசு இல்ல, நீங்க கரைச்ச பழைய சரக்கேதான்"னு வருஷக்கணக்கா மறுப்புக் கட்டுரை எழுதினார். படிக்கப் படிக்க எனக்கு வெக்கமாவும் இருந்துது, ஒரு பக்கம் ஆறுதலாவும் இருந்துது. இத்தனை பேரு ஒரே தப்பை எப்படிப் பண்ணினாங்க? முட்டாள்களா? இல்ல. யாருக்கும் சரிபாக்க நேரமில்ல, எல்லாருக்கும் கட்டுரை எண்ணிக்கை வேணும். 2016 விதிப்படி மாணவன் ஆய்வேடு குடுக்கறதுக்கு முன்னாடி கட்டுரை போட்டே ஆகணும். அதுக்குன்னே காசு வாங்கிட்டுப் போடுற பத்திரிகைகள் காளான் மாதிரி முளைச்சுது. யூஜிசியே தன்னோட அங்கீகாரப் பட்டியல்லேர்ந்து 2018 மே மாசம் ஒரே நாள்ல 4,305 பத்திரிகையைத் தூக்குச்சு. 2022 விதில கட்டுரை கட்டாயம்ங்கறதையே எடுத்துட்டாங்க. நல்லதுதான். என் பேருல இருக்கிற காமா கிளைசினை யாரு எடுக்கறது?

2010-ல சினாப்சிஸ் குடுக்கலாமான்னு கேட்டேன். "இன்னும் ரெண்டு கட்டுரை"ன்னார். பெட்டியைக் கட்டிட்டேன். சென்னைக்கு வந்து ஜாவா படிச்சு, இன்னிக்கு வரைக்கும் ஆணி புடுங்கிக்கிட்டிருக்கேன்.

சரி, சீஞ்ச பழம் புளிக்கும்னு சொல்ற நரி மாதிரி பேசறேனோன்னு நீங்க கேக்கலாம். முடிச்சவங்க கதையையும் சொல்லிடறேன். என்கூட அதே லேப்ல இருந்தவர் முடிச்சார். பல வருஷமா அரசுக் கல்லூரில கௌரவ விரிவுரையாளர். பேருலதான் கௌரவம். 2019-ல யூஜிசி சொன்னது, ஒரு வகுப்புக்கு 1,500, மாசத்துக்கு அதிகபட்சம் 50,000 வரை குடுக்கலாம்னு. அதுல பாதிகூடக் கைக்கு வராத வருஷங்கள்தான் அவருக்கு அதிகம். அதே வேலைக்கு நிரந்தரமா வந்தவருக்கு அடிப்படைச் சம்பளமே 57,700. நிரந்தரத்துக்குப் போகலாமேன்னா, ஆசிரியர் தேர்வு வாரியம் 2019-ல 2,331 இடம்னு அறிவிச்சுது. ஒண்ணும் நடக்கல. 2024 மார்ச்சுல 4,000 இடம்னு புது அறிவிப்பு, ஆகஸ்ட்டுல பரீட்சைன்னாங்க, அதுவும் தள்ளிப்போச்சு. மனுஷனுக்கு முடி கொட்டிப் போச்சு.

இதுல விதிகளோட விளையாட்டைப் பாருங்க. பல்கலைக்கழகத் துறைகள்ல உதவிப் பேராசிரியர் ஆகணும்னா 2021 ஜூலைலேர்ந்து பிஎச்.டி. கட்டாயம்னு 2018-ல சொன்னாங்க. அதை நம்பி, இருந்த வேலையை விட்டுட்டுச் சேந்தவங்க எனக்குத் தெரிஞ்சே நாலு பேர். கொரோனாவால 2023-க்குத் தள்ளி வச்சாங்க. 2023 ஜூலை வந்ததும், நெட், செட் இருந்தாப் போதும், பிஎச்.டி. விருப்பம்தான்னுட்டாங்க. எம்.ஃபில். கதை தெரியும்ல? ஒரு தலைமுறையே ஃபீஸ் கட்டிப் படிச்சுது. 2022-ல அந்தப் படிப்பே கிடையாதுன்னாச்சு. நடுவுல கம்பத்தைப் பிடுங்கி வேற எடத்துல நட்டா கபடி ஆடறவன் எந்தக் கோட்டைத் தொடுவான்?

ஆனா சேர்றவங்க குறையல. மத்திய அரசோட உயர்கல்விக் கணக்குப்படி நாடு முழுக்க 2014-15-ல 1.17 லட்சம் பேர் பிஎச்.டி. படிச்சாங்க, 2021-22-ல 2.13 லட்சம். அதுல பொண்ணுங்க 48 ஆயிரத்துலேர்ந்து 99 ஆயிரம் ஆகியிருக்காங்க. இதை நெனச்சா உண்மையிலயே சந்தோஷமா இருக்கு. எங்க அக்காவைப் பத்தாவதோட நிறுத்தின குடும்பம் எங்களது.

இப்ப வரிப்பண நண்பருக்கு வர்றேன். தலைவா, பி.எஸ்சி. பசங்களுக்கு ப்ராக்டிகல் எடுக்கறது யாரு? பரீட்சை ஹால்ல நிக்கறது யாரு? கைடோட கட்டுரைக் கணக்கு ஏறுறது யாரால? என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைல எத்தனை பிஎச்.டி., எத்தனை கட்டுரைன்னு எண்ணித்தானே மார்க்கு போடறாங்க, அந்த மார்க்கைக் காட்டித்தானே பேனர் கட்டறாங்க? அதெல்லாம் "படிக்கிறவன்" பண்ற வேலை. உங்க கம்பெனில புதுசா சேர்ற பையனுக்கு, பயிற்சிலதானே இருக்கேன்னு சொல்லி சம்பளம் குடுக்காம விட்டுடுவாங்களா? மத்தியப் பல்கலைக்கழகங்கள்ல நெட் இல்லாதவங்களுக்குன்னு மாசம் 8,000 குடுத்துக்கிட்டிருந்தாங்க. அதையும் நிறுத்தப் போறோம்னு 2015 அக்டோபர்ல யூஜிசி சொன்னப்ப, பசங்க டெல்லில அந்த ஆபீஸ் வாசல்லயே போயி உக்காந்தாங்க. எட்டாயிரத்துக்கு! அன்னிக்கு டிவில பாத்துட்டு "படிக்கற வேலையைப் பாருங்கடா"ன்னு நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு.

ஜே.ஆர்.எஃப். கிடைச்சவங்க நெலமை பரவால்ல. 2023 ஜனவரிலேர்ந்து மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஆனா அங்கயும் அதே கையெழுத்து. மாசாமாசம் உறுதிப்படுத்தினாத்தான் பணம். கைடுக்கு உங்க மேல கோவமா? பணம் நிக்கும். அவரோட கரண்டு பில் கட்டலியா, பையனை டியூஷன்ல விடலியா? "டிராஃப்ட் இன்னும் படிக்கல." கைடை மாத்தலாமேன்னா, பல எடத்துல பழைய கைடே ஆட்சேபனை இல்லைன்னு எழுதிக் குடுக்கணும். யாருக்கு எதிரா புகாரோ அவர்கிட்டயே மனு! வேற எந்த வேலைல இப்படி உண்டு, சொல்லுங்க? கடைசில வைவா அன்னிக்கு வர்ற பரிட்சகருக்கு ரூம், கார், சால்வை, மத்தியானச் சாப்பாடு எல்லாம் நம்ம செலவு. விதில எங்கயும் இருக்காது. ஆனா எல்லாருக்கும் தெரியும்.

எல்லா கைடும் அப்படியான்னா, இல்ல. எங்க பக்கத்து லேப்ல ஒரு அம்மா இருந்தாங்க. மாணவன் பேரை முதல்ல போடுவாங்க, உதவித்தொகை வரலைன்னா தானே ஆபீசுக்கு நடப்பாங்க. அவங்க பசங்கள்ல பெரும்பாலானவங்க நல்லா இருக்காங்க. அவங்க படிகம் ஒண்ணும் எங்களதை விட ஒஸ்தி இல்ல, அதே பீக்கர்தான். ஒரே காரிடார்ல எதிரெதிர் கதவு. எந்தக் கதவைத் தட்டறோம்ங்கறதுல இருக்கு அஞ்சு வருஷம். அதை யாரும் நமக்கு முன்கூட்டிச் சொல்றதில்ல.

எனக்கு என்ன கிடைச்சுதுன்னும் சொல்லணும், இல்லைன்னா நியாயமில்ல. ஒரு விஷயம் தெரியலைன்னா பதறாம மாசக்கணக்குல அதுகூடவே உக்காந்திருக்கிற பொறுமை அங்கதான் வந்துது. "இது நெசமாவே புதுசா?"ன்னு கேக்கிற புத்தியும் அங்கதான் வந்துது, கொஞ்சம் லேட்டா. இன்னிக்கு ஆபீஸ்ல யாராவது ஸ்லைடு போட்டு அளந்து விட்டா என் வாய் தானா தொறந்துடுது. அப்ரைசல்ல அடி விழுகுது, அது வேற.

அக்கா பொண்ணுக்கு இதையெல்லாம் சொல்லிட்டுக் கேட்டேன். அந்த சார்கிட்ட முடிச்சவங்க எத்தனை பேரு, எத்தனை வருஷத்துல? நடுவுல விட்டுட்டுப் போனவங்க எத்தனை பேரு? உன் பேரு கட்டுரைல எத்தனாவதா வரும்? உதவித்தொகை வர்ற வரைக்கும் பஸ்ஸுக்கு யாரு காசு குடுப்பா? ரெண்டு வருஷம் எதுவும் வரலைன்னா என்ன பண்ணுவ? அடுத்த நெட்டை ஜே.ஆர்.எஃப்.க்காக இன்னொரு தடவை எழுதிப் பாத்தா என்ன?

"இதையெல்லாம் போயி சார்கிட்ட கேட்டா சேத்துக்கவே மாட்டாரு மாமா"ன்னா.

அவர்கிட்ட கேக்காத, லேப்ல இருக்கிற சீனியர் அக்காக்கள் கிட்ட கேளுன்னேன். வியாழக்கிழமை போறா. சார் மீட்டிங்ல இருக்கிற நேரமாப் பாத்துப் போகச் சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: இதைப் படிக்கிற பேராசிரியப் பெருமக்கள் பின்னூட்டத்துல தாராளமாத் திட்டலாம். உங்க மாணவனை டைப் பண்ணச் சொல்லாம, நீங்களே டைப் பண்ணுங்க :-)