பின் அச்சு முதலில், என்ஜின் பிறகு!

காரின் வேகம் எங்கே இருக்கிறது?

இப்படிக் கேட்டால், யாரும் முன்பக்க மூடியைத் திறந்து என்ஜினைத்தான் காட்டுவார்கள். குனிந்து, வண்டிக்கு அடியில், பின்பக்கம் பார்க்கிறவர்கள் குறைவு.

என்ஜின் சுழலும். சத்தம் போடும். ஆனால், பழைய வேகக் கார்களில் சாலையை உதைத்து வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். அந்தச் சக்கரத்தைச் சுற்றுவது பின் அச்சு.

அமெரிக்காவில் பழைய காரை வாங்கி, அதன் சக்தியைக் கூட்டி, வேகக் காராக மாற்றுகிற ஆசை பலருக்கு உண்டு. வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில், சனி, ஞாயிறுகளில், தகப்பனும் மகனும் சேர்ந்து செய்கிற வேலை அது. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் பணம் போகிற வரிசையைப் பாருங்கள். முதலில் என்ஜினுக்கு. அப்புறம் டயருக்கு. மிச்சம் இருந்தால் வர்ணம் பூச. பின் அச்சு உடைந்த பிறகுதான், அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது!

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

மஸ்டாங் கார்

எடுத்துக்காட்டுக்குப் போர்டு கம்பெனியின் "மஸ்டாங்" காரை எடுத்துக்கொள்ளலாம். 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் இந்தக் கார் வெளியிடப்பட்டது. சாதாரணக் குடும்பத்து இளைஞனும் வாங்கக்கூடிய விலை. அதனால் ஒரே பாய்ச்சலில் புகழ் பெற்றுவிட்டது.

கொட்டகைக்காரர்களின் செல்லப்பிள்ளை 1979 முதல் 1993 வரை வந்த மஸ்டாங். அதிலும் 5 லிட்டர் என்ஜின் வைத்த வண்டி என்றால் தனி மோகம். 1987 முதல் 1992 வரை அந்த என்ஜினுக்கு 225 குதிரை சக்தி. முறுக்கு விசை 300 அடி-பவுண்டு.

அடி-பவுண்டு என்றால் என்ன? ஓர் அடி நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ, அவ்வளவு.

இந்த முறுக்கு அப்படியே பின்சக்கரத்துக்குப் போவது இல்லை. வழியில் பெருகிக்கொண்டே போகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் கியரில் அது 3.35 மடங்கு ஆகிறது. 300 என்பது 1,005 ஆகிவிட்டது. பின் அச்சின் நடுவில் கிரவுன், பினியன் என்று இரண்டு பல்சக்கரங்கள். பல கார்களில் அவற்றின் விகிதம் 2.73. அங்கே முறுக்கு 2,743 ஆகிறது.

கார் இன்னும் துள்ளிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று விகிதத்தை 3.73 ஆக மாற்றுகிறார்கள். இப்போது 3,748! என்ஜினைத் தொடவே இல்லை. அதற்குள் அச்சின் சுமை ஆயிரம் கூடிவிட்டது. இதற்கு மேல் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜரையும் மாட்டினால் என்ன ஆகும்? சுமை முழுவதும் இரண்டு ஆக்சில் ஷாப்டுகளின் தலையில்தான் விழும்.

வழுக்கும் டயரே காவல்

"எத்தனையோ பேர் பழைய அச்சோடுதானே ஓட்டுகிறார்கள்? ஒன்றும் ஆகவில்லையே!" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. பதில் டயரில் இருக்கிறது. சாதாரண டயர் போட்ட காரை முரட்டுத்தனமாகக் கிளப்பினால், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். ரப்பர் தீயும். அந்த வழுக்கலில் முறுக்கு வீணாகிவிடுகிறது. அச்சு தப்பிக்கிறது. வீட்டு மின்சாரத்துக்குப் பியூஸ் எப்படியோ, பின் அச்சுக்கு டயர் அப்படி.

பந்தய டயர் போட்டு, பந்தயத் தளத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். டயர் தரையைக் கவ்விப் பிடிக்கும். வழுக்காது. கிளச்சைச் சட்டென்று விட்டவுடன் அத்தனை அடியையும் இரும்புதான் தாங்க வேண்டும். எது பலவீனமோ அது முறியும்.

ஒளிந்திருக்கும் அச்சாணி

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது பழமொழி.

1986 முதல் 5 லிட்டர் மஸ்டாங்குக்குப் போர்டு கம்பெனி வைத்த பின் அச்சை "8.8" என்று சொல்வார்கள். கிரவுன் சக்கரத்தின் விட்டம் 8.8 அங்குலம். நல்ல அச்சுதான். குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் ஆக்சில் ஷாப்ட் வெளியே நழுவாமல் தடுப்பது எது தெரியுமா? குதிரை லாடம் போன்ற ஒரு சிறு வளையம்! ஷாப்டின் உள்நுனியில், நடுக்கூட்டுக்குள், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது.

தேரின் அச்சாணி வெளியே கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது.

அந்த வளையத்துக்கு வெளிப்புறத்தில் ஷாப்ட் முறிந்தால், வெளித்துண்டைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை. சக்கரம், பிரேக் டிரம்மோடு சேர்ந்து வெளியே நழுவிவிடும். ஓடுகிற காரிலிருந்து கழன்ற சக்கரம் எங்கே போகும்? பக்கத்தில் வருகிற காருக்கும் போகலாம். நடைபாதைக்கும் போகலாம். வேகத்துக்கு ஆசைப்பட்டவர் ஒருவர், அடிபடுகிறவர் வேறொருவர்.

அதனால்தான் மோட்டார் பந்தயக்காரர்கள் இதை அவரவர் இஷ்டத்துக்கு விடவில்லை. அமெரிக்காவில் 1951-ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய ஹாட் ராட் சங்கம் ஒரு விதி வைத்திருக்கிறது. பழைய மாடல் கார் கால் மைல் தூரத்தை 10.99 வினாடியிலோ, அதற்கும் குறைவான நேரத்திலோ ஓடுமானால், கம்பெனியில் வந்த ஷாப்ட் போதாது. வெளிக் கம்பெனிகள் செய்த பலமான ஷாப்ட் வேண்டும். முறிந்தாலும் சக்கரம் கழலாதபடி தடுப்பும் வேண்டும்.

அந்தத் தடுப்பு எளிமையானது. பேரிங்கை ஷாப்டின் மேலேயே அழுத்தி ஏற்றி, அச்சுக்கூட்டின் வெளிமுனையில் ஒரு தகடு வைத்து, போல்டால் இறுக்கிவிடுகிறார்கள். பந்தயத்துக்கு இப்படி விதி இருக்கும்போது, அதே சக்தியோடு ஊர்ச்சாலையில் போகிற காருக்கு மட்டும் பழைய வளையம் போதும் என்பது என்ன நியாயம்?

எதை வாங்குவது?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 8.8 அச்சையே பலப்படுத்துவது. கம்பெனி ஷாப்டின் நுனியில் 28 பற்கள். அதை எடுத்துவிட்டு 31 பற்கள் உள்ள தடித்த ஷாப்டையும், மேலே சொன்ன தடுப்பையும் வைக்கலாம்.

மற்றொன்று, போர்டின் "9 அங்குல" அச்சு. 1957 முதல் 1986 வரை போர்டு கார்களிலும் டிரக்குகளிலும் வந்தது. போர்டு கம்பெனி நிறுத்திவிட்டாலும் வெளிக் கம்பெனிகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கின்றன. அதன் பினியன் தாழ்வாக அமைந்தது. பற்கள் அதிகமாக உரசும். அதனால் பலம் உண்டு. கொஞ்சம் சக்தி வீணாவதும் உண்டு. ஊர்ச்சாலையில் ஓடி, எப்போதாவது பந்தயத்துக்குப் போகிற காருக்குப் பலப்படுத்திய 8.8 போதும். அதற்கு மேல் செலவு செய்வது பெரும்பாலும் ஜம்பத்துக்குத்தான்.

என்ஜினையும் டயரையும் மாற்றாதவர்களுக்கு இந்த இரண்டுமே வேண்டாம். அந்தப் பணத்தில் பிரேக்கைப் புதுப்பிக்கலாம்.

2015-ஆம் ஆண்டு மாடலில் இருந்து மஸ்டாங்கின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும்படி அமைக்கப்பட்டன. மேடு பள்ளத்துக்கு அது சுகம். ஆனாலும் 2016-இல் அதே கம்பெனி பந்தயத்துக்கென்று செய்த "கோப்ரா ஜெட்" காரில் பழைய மாதிரி ஒரே அச்சுதான். பழசு என்று தள்ளிவிட முடியவில்லை!

மாட்டும் வேலை

நல்ல அச்சை வாங்கிவிட்டதால் ஆபத்து நீங்கிவிடாது. மாட்டுவதில்தான் பாதி இருக்கிறது.

கிரவுனும் பினியனும் உரசும் இடைவெளியை எண்ணிப் பாருங்கள். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால், அதில் சுமார் பத்துப் பங்கு! தலைமுடியின் கனத்தைப் போல ஒரு சில மடங்கு. அதற்கு மெல்லிய ஷிம் தகடுகளை வைத்தும் எடுத்தும் பார்க்க வேண்டும். பற்களில் மஞ்சள் மை தடவி, சுற்றி, மை எங்கே அழிந்தது என்று பார்க்க வேண்டும். பல்லின் ஓரத்தில் அழிந்தால், கழற்றி மறுபடியும் முதலிலிருந்து!

8.8 அச்சின் பினியன் நட்டை இறுக்கும்போது உள்ளே ஒரு குழாய் நசுங்கிக்கொடுக்கும். அளவுக்கு மேல் ஒரு துளி இறுக்கிவிட்டால், நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. நசுங்கிய குழாயை எறிந்துவிட்டுப் புதுசு போட வேண்டும். அவசரக்காரர்கள் இங்கேதான் ஏமாற்றுகிறார்கள். பழைய குழாயை வைத்தே நட்டைத் தளர்த்தி முடித்துவிடுகிறார்கள். சில மாதத்தில் பேரிங் ஊளையிடும்.

இந்த அளவு வேலை தெரியாதவர்கள், பல்சக்கரங்களை அளவு பார்த்துப் பூட்டிய முழு அச்சாகவே வாங்கிவிடலாம். அதில் வெட்கம் இல்லை. பழைய அச்சைக் கழற்றிப் புதியதைத் தொங்கவிடுவது மட்டுமே அப்போது வீட்டு வேலை.

அதிலும் கவனம் வேண்டும். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்கவே கூடாது. இரும்பு முக்காலிகள் அவசியம். இந்த மஸ்டாங்கில் பின் ஸ்பிரிங்குகள் அழுத்தப்பட்டு உட்கார்ந்திருக்கும். அச்சுக்கு முட்டுக் கொடுக்காமல் ஷாக் அப்சார்பரைக் கழற்றினால் அச்சு கீழே விழும். ஸ்பிரிங் துள்ளிப் பாயும். அச்சைத் தாங்கும் நான்கு கைகளின் போல்டுகளையும், சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்துவிடும்.

இரண்டு சக்கரமும் எப்போதும் ஒன்றாகவே சுழலும்படி பூட்டிய அச்சும் கடைகளில் கிடைக்கிறது. நேர்கோட்டுப் பந்தயத்துக்கு அது சரி. ஊர்ச்சாலைக்கு உதவாது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் அல்லவா? மாட்டு வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொள்ளும். பூட்டிய அச்சில் அந்தச் சலுகை இல்லை. ஒரு டயர் தரையில் தேய்ந்துகொண்டே திரும்பும். மழையில் வண்டி வாலைச் சுழற்றிவிடும்.

பிறகு சில்லறை வேலைகள். இவற்றைத்தான் பலர் மறக்கிறார்கள். பழைய அச்சில் சக்கரத்துக்கு 4 போல்ட். புதியதில் பெரும்பாலும் 5. ஸ்டெப்னி பொருந்தாது! பிரேக் குழாயைக் கழற்றினால் காற்று புகுந்திருக்கும், வெளியேற்ற வேண்டும். புது அச்சு பெரும்பாலும் எண்ணெய் இல்லாமல்தான் வரும். ஊற்ற மறந்து ஓட்டினால் அத்தனை செலவும் ஒரே நாளில் போச்சு.

வேகம் காட்டும் முள்ளும் பொய் சொல்லும். விகிதத்தை 2.73-இலிருந்து 3.73 ஆக்கினால், கார் உண்மையில் 60 மைல் வேகத்தில் போகும்போது முள் 82-ஐக் காட்டும். கியர் பெட்டியில் முள்ளுக்கு என்று இருக்கும் சிறு பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்த அன்றைக்கே மிதித்துப் பார்க்க ஆசை வரும். கூடாது. கால் மணி நேரம் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, அச்சு நன்றாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். மறுபடியும் அப்படியே. புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும் காலம் அது.

சுமார் 500 மைல் ஓடிய பிறகு பின்மூடியைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். அடியில் வெள்ளி போல நுண்ணிய தூள் மின்னினால் பயம் இல்லை. நகத்தின் அளவுக்கு ஓர் இரும்புச் சில்லு கிடந்தால், கார் அன்றைக்கே மறுபடியும் முக்காலியில் ஏற வேண்டியதுதான்.